நாற்பத்தொரு ஆமென்

இந்த போனில் ஒரு பேச்சை அழிக்கணும். உனக்குத் தெரியுமா தாயி? எழுதினது இல்லை, பேசினது. வாயால் பேசி அனுப்பினது. என் போனில் மட்டும் அழிந்தால் போதாது. எல்லார் போனிலும் அழியணும்.

இதோ, இந்த குரூப்தான். 'அதிகாலை ஜெபக் குடும்பம்' என்று பேர் போட்டிருக்கிறதே. மேலே தள்ளிக்கொண்டே போ. இன்னும் மேலே. ஆ, அதுதான். நாலு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு என்று இருக்கிறது பார். அமுக்கிவிடாதே! பஸ்ஸில் எல்லார் காதிலும் விழும்.

முடியாதா? ரெண்டு நாளுக்குள் என்றால் முடிந்திருக்குமா? இது மூன்று வாரம் ஆச்சே. என் மகனும் இதையேதான் சொன்னான். அவன் சொன்னதை நம்பாமல்தான் உன்னிடம் கேட்டேன்.

சரி, நான் தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் இறங்கணும். நீ அதற்கு அடுத்ததிலா? நல்லதாய்ப் போச்சு, வந்ததும் சொல்லு. அங்கே பெரிய ஆபீசில் பதினோரு மணிக்கு ஒரு விசாரணை. எனக்கு இல்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. நானாகத்தான் கிளம்பி வந்தேன். இறங்கி உள்ளே போவேனா, எதிர்ப்பக்கம் நின்று திரும்பி பஸ் ஏறிவிடுவேனா, அதுதான் எனக்கே தெரியவில்லை. காலையில் மூன்று தடவை செருப்பைப் போட்டுக் கழற்றினேன்.

விசாரணை எமீமாவுக்கு. எங்கள் தெருக்காரி. என்னைவிட நாலு வயது இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அரசாங்க அரிசி குடோனில் வேலை. லாரியில் மூட்டை வந்து நின்றால் இவள் குத்தூசியை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி உருவுவாள். உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், பல்லில் வைத்துக் கடிப்பாள். அப்புறம் இது எடுக்கலாம், இது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடணும். முப்பத்திரண்டு வருஷமாய் அதுதான் வேலை. வருகிற பிப்ரவரியில் ரிட்டயர்.

நான் லீலாபாய். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனால் அரிசியைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க முடியாது, கேட்டியா? பிள்ளைகள் ஹாஸ்டலில் பத்தொன்பது வருஷம் சோறு பொங்கினவள் நான். ஒரு நேரத்துக்கு இருநூறு பிள்ளை. உலை கொதிக்கிற சத்தத்தை வைத்தே பழைய அரிசியா புது அரிசியா என்று சொல்லிவிடுவேன். இப்போது மகன் கோயம்புத்தூரில், மகள் சென்னையில். வீட்டுக்காரர் கர்த்தருக்குள் போய் ஆறு வருஷம். நானும் என் ஜெபமும் இந்த போனும்தான்.

போனில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. நம்ம ஜனத்தொகையைக் குறைக்க மேலே இருக்கிறவர்கள் போட்ட ரகசியத் திட்டமாம். ஒரு தம்பி கண்ணாடி போட்டுக்கொண்டு நல்ல தமிழில் பேசினான். நான் சும்மா நம்பிவிடவில்லை. நானே ஒரு படி அரிசி ஊறப்போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் மணி மிதந்தது! வெள்ளை வெளேரென்று, மற்ற மணி மாதிரி இல்லாமல். நசுக்கினால் கொழகொழவென்று இருந்தது. போட்டோ பிடித்து குரூப்பில் போட்டேன். 'சகோதரிகளே, இது கேள்விப்பட்டது அல்ல, நானே கண்ணால் கண்டது' என்று கீழே எழுதினேன்.

எமீமா உடனே பதில் போட்டாள். "அக்கா, அது பிளாஸ்டிக் இல்ல. அரிசி மாவுல இரும்புச் சத்தும் வைட்டமினும் சேத்து மணி மாதிரி அழுத்தி எடுக்கது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலப்பாங்க. லேசா இருக்கதால மிதக்கும். ரத்தம் கம்மியா உள்ள பிள்ளைகளுக்காகத்தான் இது. பயப்படாம பொங்குங்க."

நல்லபடியாகத்தான் சொன்னாள். இப்போது நினைத்தால் நல்லபடியாகத்தான் சொன்னாள். ஆனால் குரூப் சும்மா இருக்குமா? அடுத்த தெரு ஹெலன் எழுதினாள்: "கவர்மென்ட் சம்பளம் வாங்குறவங்க அப்படித்தான் சொல்லணும், இல்லாட்டி வேலை போயிரும்லா." இன்னொருத்தி, "இதைச் சொல்லச் சொல்லி மேலேருந்து ஆர்டரா சிஸ்டர்?" என்றாள். இன்னொருத்தி அவள் பெற்ற ரெண்டு பிள்ளையையும் வெளியூர் ஹாஸ்டலில் போட்டுப் படிக்கவைத்ததை இழுத்து, "பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவளுக்குல்லா அந்தப் பதைப்பு தெரியும்" என்று ஒரு குத்து. அரிசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் அப்போது கேட்கவில்லை. ஒரு கைகூப்புகிற படம் போட்டேன். அவ்வளவுதான்.

எமீமா விடவில்லை. தன் வீட்டு அரிசிப் பானையைப் போட்டோ எடுத்துப் போட்டாள். "நானும் இதைத்தான் சாப்பிடுதேன், எம் பேத்தியும் இதைத்தான் சாப்பிடுதா. முப்பத்திரண்டு வருஷம் இதையே பாத்துட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அது எனக்குச் சுருக்கென்றது. நானும் எழுதினேன். "பத்தொன்பது வருஷம் பொங்கினவளுக்கும் அரிசி தெரியும் எமீமா."

அதற்கு அவள் போட்டாள் பார்: "அக்கா, கோவப்படாதீங்க. சோறு பொங்குறது வேற, அரிசி பாக்குறது வேற."

அந்தப் பத்தொன்பது வருஷமும் ஹாஸ்டலில் என்னை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சமையல்காரியைக் கூப்பிடு", "சமையல்காரிகிட்ட கேளு". பிரிவு உபசாரத்தில்கூட மாலை போட்டுவிட்டு, "நமது சமையல்கார அம்மா" என்றுதான் வாசித்தார்கள். எமீமா ஒருத்திதான் என்னிடம், "அக்கா, நீங்க கைவச்சுப் பாத்துச் சொன்னா ஆபீஸ் ஸ்டாம்ப் வேண்டாம்" என்று சொன்னவள். அவளே எழுபது பேர் பார்க்க இப்படிப் போட்டுவிட்டாளே என்று இருந்தது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் என்ன செய்தேன்? சண்டை போட்டேனா? இல்லை. திட்டினேனா? ஒரு கெட்ட வார்த்தை உண்டா அதில்? வேதப்புத்தகத்தை மடியில் வைத்து, முக்காடு போட்டு, முழங்கால் மடக்கி உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். ஜெபத்தைத்தான் பேசி அனுப்பினேன். எங்கள் குரூப்பில் அது வழக்கம். யாருக்காவது ஒரு பாடு என்றால் பேர் சொல்லி ஜெபித்துக் குரலை அனுப்புவோம். "எமீமா என்கிற உம்முடைய மகளின் கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே, உத்தியோகத்துக்குப் பயந்து அவள் உண்மையை மறைக்காதபடி காத்தருளும்" என்று ஆரம்பித்தேன். ஜெபம் என்றால் யார் எதிர்த்துப் பேச முடியும்? நடுவில் குறுக்கிடத்தான் முடியுமா?

நாற்பத்தொரு ஆமென் வந்தது. எண்ணிப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துப் போட்டாலும் எனக்கு எட்டு, ஒன்பதுக்கு மேல் வந்ததில்லை. அன்றைக்கு நாற்பத்தொன்று. ஹெலன் அழுகிற முகம் ஐந்து போட்டிருந்தாள். ராச்சாப்பாடு நல்லா இறங்கியது.

ரொம்ப நேரம் கழித்து, எமீமாவிடம் இருந்து 'அக்கா' என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. அடுத்தது எழுதுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து வந்தது 'எமீமா வெளியேறினார்' என்கிற வரி.

டிக்கெட்டா? எடுத்தாச்சு தம்பி. இந்தா பாரு.

அந்த 'அக்கா' எதற்கு என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால்தான் உனக்கு மற்றது விளங்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், சாப்பாட்டுப் பையும் குடையுமாய் எமீமா என் வீட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்றாள். அவள் நல்ல அரிசி என்று கையெழுத்துப் போட்ட லோடு போய் இறங்கின இடத்தில் பார்த்தால் புழு இருந்ததாம். "நான் பாத்த அரிசி அது இல்லக்கா. வழியில யாரோ மாத்திருக்காங்க. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். மாமியாருக்குத் தெரிஞ்சா அந்த மனுஷி விழுந்திருவா. உங்க ஒருத்தங்ககிட்டதான் சொல்லுதேன். ஜெபம் பண்ணுங்க."

எட்டு மாசம் தாயி. எட்டு மாசமும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிற மாதிரி வீட்டைவிட்டுக் கிளம்பி, சந்து வழியாய் என் அடுக்களைக்கு வந்துவிடுவாள். சாயந்திரம் ஐந்தரைக்குத் திரும்புவாள். நான் பொங்குவேன், அவள் முறத்தில் அரிசி பார்த்துக் கொடுப்பாள். கல் பொறுக்கிற வேகம் இருக்கே, மெஷின் தோற்றுப்போகும். கொண்டுவந்த சாப்பாட்டில் பாதியை எனக்கு வைப்பாள். மூன்று மணிக்கு ரெண்டு பேரும் முழங்கால் போடுவோம். கடைசியில் அவள்மேல் தப்பு இல்லை என்று தீர்ப்பாகிக் கடிதாசி வந்தது. அதை வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஓடிவந்து வாசித்துக் காட்டினாள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து, "இது உங்க ஜெபத்துக்குக் கிடைச்சது, நீங்க வச்சுக்கோங்க" என்று என் கையில் கொடுத்தாள்.

அந்த சஸ்பெண்டு விஷயத்தைத்தான் ஜெபத்தில் சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

அது அந்த குரூப்போடு நின்றிருந்தால் அவள் வீட்டில் போய்க் காலில் விழுந்திருப்பேன். நிற்கவில்லை. யார் யாருக்கோ போய், ஒரு சேனல்காரன் நடுவில் நாற்பது செகண்டை மட்டும் வெட்டி எடுத்து, 'பிளாஸ்டிக் அரிசி: குடோன் பெண் அதிகாரி கண்ணீர் ஒப்புதல்' என்று தலைப்புப் போட்டு விட்டுவிட்டான். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தன் அவளைப் பார்த்து, "ஏய், புழு அரிசி மேடம் வருது, வழி விடுங்கலே" என்றானாம். தொண்ணூறு வயது மாமியாருக்கும் தெரிந்துபோச்சு. அந்த மனுஷி விழவில்லை. "எட்டு மாசம் எங்கட்டி போன?" என்று மட்டும் கேட்டாராம்.

பிறகு ஆபீசில் இருந்து எமீமாவுக்கு ஓலை. ரிட்டயர் ஆக நாலே மாசம் இருக்கையில் பழைய ஃபைலைத் திறந்துவிட்டார்கள். நீ தெரிந்தே கையெழுத்துப் போட்டதாய் யாரிடமோ ஒப்புக்கொண்டிருக்கிறாய், அது யார் குரல், விளக்கம் கொடு என்று. விளக்கம் சரியில்லை என்றால் நல்லபடியாய் ரிட்டயர் ஆக விடமாட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் ராஜதுரைதான் பால் பூத்தில் வைத்துச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யார் குரல்னு கேட்டாங்க. தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டா. அதான் நேர்ல விசாரணைக்கு வரச் சொல்லிருக்காங்க. நான் சொல்லுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அக்கா. அவங்க வயசானவங்க, ஆபீஸ் படியெல்லாம் ஏற வேண்டாம்னுட்டா."

மகனுக்குப் போன் போட்டேன். "அவங்கதான் பேர் சொல்லலையேம்மா, பின்ன நீ எதுக்குப் போய் மாட்டணும்? பேசாம ஜெபம் பண்ணிட்டு இரு" என்றான். சரி, இது என் மகன் வாயால் ஆண்டவர் தருகிற பதில் என்று ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன், சும்மா இல்லை. நேற்று மூன்று மணிக்கு முழங்கால் போட்டால் வாயில் வார்த்தை வரவில்லை. பக்கத்தில் அவள் முழங்கால் போடுகிற இடம் வெறுமனே கிடந்தது.

என்னம்மா அப்படிப் பார்க்கிறாய்? உன் போனில் எதைத் தேடுகிறாய்?

...உன் போனிலும் இருக்கிறதா?

யார் அனுப்பினது? உங்கள் சித்தியா? எந்த ஊர்? அது எங்கள் ஊரில் இருந்து நூறு மைல் இருக்குமே. அவர்களுக்கு என்னையும் தெரியாது, எமீமாவையும் தெரியாது. இந்தக் குரலைக் கேட்டுவிட்டா உங்கள் அம்மா மூன்று வாரமாய் அரிசியைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிற மணியைப் பொறுக்கி எறிகிறார்கள்? "உனக்கே ரத்தம் கம்மி, இந்த விஷம் வேற எதுக்கு" என்றா? உனக்கா ரத்தம் கம்மி? கண்ணைக் காட்டு. அட, கீழ் இமை வெளுத்துத்தானே கிடக்கிறது.

அதைப் போடு. சத்தத்தைக் குறைத்து என் காதில் வை. நான் இதுவரைக்கும் திரும்பிக் கேட்டதில்லை.

...

என் குரல்தான். எவ்வளவு உருக்கமாய் இருக்கிறது, கேட்டியா? "புழுத்த அரிசி என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் அக்கா என்று என் மடியில் விழுந்து அழுதாளே ஆண்டவரே, அந்தக் கண்ணீரைக் கண்டீரே." நான்தான் சொல்லியிருக்கிறேன். அந்தச் சேனல்காரன் சேர்த்தானாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, நினைக்கவில்லை. அப்படி நினைக்க ஆசைப்பட்டேன்.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை தாயி. 'தெரிந்தே' என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. என் மடியில் விழுந்து அழவும் இல்லை. எட்டு மாசத்தில் ஒரு நாள்கூட அழவில்லை, அரிசிதான் பொறுக்கினாள். வாய் தவறி வந்தது என்று சொன்னேன் இல்லையா, அதுவும் பொய். ஜெபம் பண்ணும்போது வேதப்புத்தகம் என் மடியில் இருந்தது என்றேனே, அதற்குள்தான் அந்த ஜெராக்ஸ் இருந்தது. இந்தா, இந்தப் பையில் வேதப்புத்தகத்துக்குள் இப்போதும் இருக்கிறது. அவள்மேல் குற்றம் இல்லை என்கிற காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். கை பட்டுக்கொண்டே இருந்தது. சொன்னேன்.

உன் போனில் நான் பேசிப் பதிவு பண்ண முடியுமா? என் போனில் இருந்து அனுப்பினால் எங்கள் குரூப்போடு நின்றுவிடும். உன் சித்திக்கும், அவர்களுக்கு அனுப்பினவர்களுக்கும் போகிற மாதிரி வேணும். இதையா அமுக்கிப் பிடிக்கணும்? சரி.

கிருபையும் இரக்கமும் உள்ள பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக...

இல்லை, இதை அழித்துவிடு. இப்போது உடனே அழியுமா? அழி. வாயைத் திறந்தாலே அதுதான் வருகிறது. அவரிடம் பேசுகிற மாதிரி பேசினால் எல்லாரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். இது அவரிடம் சொல்கிறது இல்லை. மறுபடி அமுக்கு.

"நான் லீலாபாய். அரிசியைப் பற்றி ஜெபம் பண்ணினது என் குரல். எமீமா என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அது நான் சேர்த்த பொய். அவள்மேல் தப்பு இல்லை."

எவ்வளவு வந்திருக்கிறது? பன்னிரண்டு செகண்டா? அன்றைக்கு நாலு நிமிஷம் பேசினேனே. சரி, இவ்வளவுதான் இருக்கிறது சொல்வதற்கு. எனக்கும் ஒன்று அனுப்பு, நானே எங்கள் குரூப்பில் போடுகிறேன். ஹெலன் இதற்கு ஆமென் போடமாட்டாள். போட்டால்தான் எனக்குப் பயமாய் இருக்கும்.

பாலம் தாண்டியாச்சா? அதோ தண்ணீர்த் தொட்டி. தம்பி, ஆள் இறங்கணும், விசில் அடியுங்க! இந்தப் பையைக் கொஞ்சம் பிடி, முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. அதோ, அந்த வேப்பமரத்தடியில் குடையோடு நிற்கிறாளே, அவள்தான். சாப்பாட்டுப் பையும் கொண்டுவந்திருக்கிறாள் பார்.

உங்கள் அம்மாவிடம் சொல்லு, அந்த மணியை எறிய வேண்டாம் என்று. உனக்காகத்தான் அது. யார் சொன்னது என்று கேட்பார்கள். சமையல்காரி சொன்னாள் என்று சொல்லாதே தாயி. குடோனில் அரிசி பார்க்கிறவள் சொன்னாள் என்று சொல்லு.